இந்தத் தூண் முடியட்டும்

மருந்துக் கம்பெனியில் அவளுக்குத் தூணக்கா என்றுதான் பெயர். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டு, படிக்க வைத்து, ஆளாக்கியவன் மூத்த அண்ணன். வீட்டைப் பங்கு பிரித்தபோது வாய்த்தகராறு முற்றிப்போய், அதன் பிறகு பல வருஷமாக அவன் வாசலை அவள் மிதிக்கவில்லை.

அவள் வேலை என்னவென்றால், தொட்டியில் வளரும் உயிரணுக்கள் சுரக்கிற ஆன்டிபாடி என்னும் நோயெதிர்ப்புப் புரத மருந்தைச் சுத்தமாக்குவது. தொட்டி நீரைப் பிசின் மணிகள் நிரப்பிய கண்ணாடித் தூணுக்குள் விட்டால், மருந்து மணியில் ஒட்டிக்கொள்ளும், அழுக்கு ஓடிவிடும். கழுவிவிட்டு மருந்தைப் பிரித்தெடுப்பார்கள். முன்பெல்லாம் ஆளுயரத் தூண் ஒன்றுதான். ஒரு நடை முடிந்தால் கொஞ்சம் உட்காரலாம். பிசினோ யானை விலை. அதனால் இப்போது முழங்கை உயரத்தில் மூன்று சின்னத் தூண்கள். ஒன்று குடிக்கும், ஒன்று குளிக்கும், ஒன்று கொடுக்கும். பிறகு முறை மாறும். கொஞ்சம் பிசினே போதும், செலவு குறைந்தது. ஆனால் நிற்பது என்பதே கிடையாது.

அன்று மத்தியானம் சுவர்ப் போன் அடித்தது. மூத்த அண்ணிதான்.

"உங்கண்ணன் உன்னையே கேட்டுக்கிட்டிருக்காரும்மா. மூச்சு ரொம்ப வாங்குது. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. உடனே வா."

"வரேன் அண்ணி. இந்தத் தூண் முடியட்டும்."

பக்கத்தில் நின்ற தொட்டி பார்க்கிறவர் காதில் அது விழுந்தது. "அது எங்க முடியும்? என் மாமியார் பேச்சு மாதிரி போய்க்கிட்டே இருக்கும். நீ கிளம்பும்மா, நான் பாத்துக்கறேன்."

"இதோ, கழுவினதும்."

கழுவி முடிவதற்குள் அடுத்தது குடிக்கத் தொடங்கிவிட்டது. திரையில் கோடு ஏறியது, இறங்கியது. அழுகை வரவில்லை. கோபமும் இல்லை. எதற்குச் சண்டை போட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். மாடிப்படிக்கா, பின்வாசலுக்கா? பிடிபடவில்லை. கை மட்டும் வால்வைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

"இன்னும் போகலியா? உனக்கென்ன சிலையா வைக்கப் போறாங்க?"

"இது மட்டும் அண்ணே."

மறுபடி போன். அண்ணியின் குரல் இறங்கியிருந்தது.

"கிளம்பிட்டியா?"

"இல்ல அண்ணி."

"சரி. இனிமே அவசரமில்லம்மா. மெதுவாவே வா."

அவள் கையுறையைக் கழற்றினாள். தொட்டி பார்க்கிறவர் அவள் இடத்தில் வந்து நின்றார். கதவுவரை போனவள் திரும்பி, அண்ணன் வீட்டுப் பக்கம் இப்போது எந்த பஸ் போகிறது என்று அவரிடம் கேட்டாள்.