சித்தி வந்தால் கதவை எண்ணு

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா தண்ணீர் எடுத்து வரப் போவாள். சித்தி வந்தால் மட்டும் கைப்பிடிகள் எல்லாம் கதவுகளில் இருக்கின்றனவா என்று பார்க்கப் போவாள்.

சித்தி பழங்காலத்து மரச்சாமான்களைப் பழுது பார்ப்பவள். நூறு வருடத்து நகைப்பெட்டி கைக்கு வந்தால், அதே வயதுள்ள கீலும் திருகாணியும்தான் போடுவாள். புதிது போட்டால், "தொண்ணூறு வயசுக்காரிக்குப் பால்பல் முளைச்ச மாதிரி இருக்கும்" என்பாள். பழையது கடையில் கிடைக்காதே. அதனால் தெருவில் யார் எதைத் தூக்கி எறிந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். அவள் கைப்பையில் சீப்பு இருக்காது, திருப்புளி இருக்கும்.

"ஊர் மறையெல்லாம் கழட்டுறவளுக்கு எப்பவோ ஒண்ணு கழண்டுருச்சு" என்பார் அப்பா. சொல்லிவிட்டுத் தன் மூக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

வம்பு ஒரு நாற்காலியால் வந்தது. மூட்டைப்பூச்சி போகட்டும் என்று அம்மா அதைக் கொல்லையில் வெயிலில் போட்டிருந்தாள். வேண்டாமென்று போட்டதாக நினைத்த சித்தி, கால்களில் இருந்த பித்தளைத் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் அப்பா அதில் உட்கார்ந்தார். மேற்கொண்டு சொல்வது அப்பாவுக்குப் பிடிக்காது.

அன்றோடு அம்மா தங்கையிடம் பேச்சை நிறுத்தினாள். சித்தி திருகாணிகளைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தும் மசியவில்லை. "டீ வேணுமான்னு கேளு" என்பாள் என்னிடம். "வேணும்னு சொல்லு" என்பாள் சித்தி, அதுவும் என்னிடம். வெளியே சிரித்தாலும் சித்தி உள்ளுக்குள் நொந்துபோயிருந்தாள். அக்காவை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். குளியலறையில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்து அம்மா உள்ளே போனாள். போனவள் வெளியே வர முடியவில்லை. தாழ்ப்பாள் ஒரு பக்கம் சாய்ந்து இறுகிவிட்டது.

"உன் சித்திகிட்ட சொல்லு" என்று எனக்குக் குரல் கொடுத்தாள்.

"வேணுங்கறவங்களே சொல்லட்டும்" என்றாள் சித்தி.

உள்ளே அம்மா தாழ்ப்பாளை இன்னும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"ஏய், வாடி இங்க."

சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்க் கதவுக்கு அடியில் திருப்புளியைத் தள்ளினாள்.

"அழுத்திப் பிடிச்சு இடப்பக்கமா திருப்பு, அக்கா."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வலப்பக்கமா திருப்புறே? சத்தமே சொல்லுதே."

பேசாத நாளுக்கெல்லாம் சேர்த்து, கதவின் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டார்கள். ஒரு வழியாகத் தாழ்ப்பாள் கழன்றது. அம்மா வெளியே வந்து உள்ளங்கையை விரித்தாள். மூன்று திருகாணிகள் இருந்தன.

"இதுக்கு நாலு. ஒண்ணு எங்கடி?"

சித்தி கூரையைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து நாலாவதை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள்.

"நீ பேசினா குடுத்துடலாம்னுதான் எடுத்தேன்."

அம்மா திருப்புளியைத் திருப்பித் தரவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாப்பிட்டுப் போறப்ப வாங்கிக்க" என்றாள், நேராகத் தங்கையைப் பார்த்து.