அப்பா கேட்ட கூட்ஸ் வண்டி

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா முதல்ல சிரிக்கிற ஆளு நான். பெட்டாலிங் ஜெயாவுல ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை, கண்ணால பார்த்தாத்தான் ஒத்துக்குவேன். இதை நீங்க நம்பலைன்னாலும் பரவாயில்லைலா, உங்க இடத்துல இருந்தா நானும் நம்ப மாட்டேன்.

எங்க அப்பாவுக்கு ரயில்னா உயிரு. ரயில்வேயில வேலை செஞ்சவர்னு நினைச்சுடாதீங்க, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்தவர். சும்மா பார்க்கறதுக்குன்னே போவார். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே, ஞாயித்துக்கிழமையானா பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளான் ஸ்டேஷன் போயிடுவோம். கடைசி பெஞ்சுல உட்கார்ந்து, போர்ட்டுக்குப் போற கூட்ஸ் வண்டியைப் பார்க்கணும், அவ்வளவுதான். மத்த பிள்ளைங்க மால் சுத்துச்சுங்க, நாங்க வேகன் எண்ணினோம்.

அப்புறம் சுகர்ல ரெண்டு கண்ணும் போயிடுச்சு. வேற யாராவதுன்னா மூலையில முடங்கியிருப்பாங்க. இவரு அடுத்த ஞாயித்துக்கிழமையே சட்டையை மாட்டிக்கிட்டு, "கண்ணுதானே போச்சு, காது இருக்குல்ல, கிளம்பும்மா"ன்னார். சத்தத்தை வெச்சே எந்த என்ஜின், வேகன் காலியா லோடான்னு சொல்லுவார். நான் பார்த்துட்டு அசந்து போவேன், ஒரு தடவைகூட தப்பினதில்லை.

அண்ணனுக்குத்தான் கவலை. "வீட்டுக்குள்ள உட்கார்ந்துகிட்டு இல்லாத வண்டியெல்லாம் கேக்குதுங்கறாரு, மூளையில ஏதோ கோளாறு. ஸ்டேஷன் எல்லாம் போதும், டாக்டர்கிட்ட காட்டணும்"னான். எனக்கும் பயம்தான். இந்த ஒரு ஞாயிறு மட்டும்னு கூட்டிட்டுப் போனேன்.

நல்ல சாயங்கால வெயில். அப்பா திடீர்னு என் கையைப் புடிச்சார். "கூட்ஸ் வருதும்மா. கனமா வருது."

ரெண்டு பக்கமும் பார்த்தேன், தண்டவாளம் வெறிச்சுன்னு கிடக்கு. "ஒண்ணும் இல்லையேப்பா."

"எழுந்திரு, பின்னாடி வா"ன்னு இழுத்தார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. சரி, அவர் பேசறதை டாக்டர்கிட்ட காட்டலாம்னு போன்ல ரெக்கார்ட் போட்டேன்.

அப்ப அடிச்சுது பாருங்க ஒரு காத்து! டீசல் வாடை, காலுக்குக் கீழ பிளாட்பாரம் அதிருது, என் துப்பட்டா மூஞ்சில வந்து அப்புது. ஆனா வண்டி இல்லை. எதிர்ப்பக்க மரத்துல ஒரு இலைகூட ஆடலை. பக்கத்துல நின்ன மலாய்க்கார ஆன்டி தலைத்துணியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, வண்டி எங்கன்னு தேடிட்டு என்னைப் பார்த்தாங்க. எனக்கு வாய் கட்டிப்போச்சு. அப்பா மட்டும் நிமிர்ந்து நின்னு, ஒவ்வொரு வேகனா கடந்து போற மாதிரி முகத்தை மெதுவா திருப்பிக்கிட்டே, சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறார். "என்னமா இழுத்துட்டுப் போறான் பாரு!"

டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துட்டு, அப்பா மூளையில ஒரு கோளாறும் இல்லைன்னுட்டார். இன்னமும் வாராவாரம் போறோம். அண்ணன் வாயே திறக்கறதில்லை, ஏன்னா அந்த ரெக்கார்டிங்கை அவனும் கேட்டான்.

அதுல வண்டிச் சத்தம் இல்லை, காத்தும் இல்லை. அப்பா குரல்தான் கேக்குது, "பார்த்தியாம்மா?"ன்னு.

"பார்த்தேன்ப்பா, மஞ்சள் என்ஜின். டிரைவர் உங்களுக்குக் கை காட்டிட்டுப் போறார்."

அது என் குரல். சத்தியமா நான் அப்ப ஒரு வார்த்தை பேசலை.