சாந்தாமணியும் ஆனைக்கரைப் பெட்டியும்

செய்தி வந்தபோது நான் மோர்க்குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். சாந்தாமணியின் தம்பி பேசினார். மிக்ஸியின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னேன். "அக்கா தவறிட்டாங்க மேடம். காலையில காப்பி குடிச்சிட்டு உக்காந்தவங்கதானுங்க" என்றார். முந்தின வாரம்தான் என்னோடு தொலைபேசியில் சண்டை போட்டவர். அந்தச் சண்டையை முடிக்காமலே போய்விட்டாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. அழுகை, அவர் ஊரான எருத்தேன்பதிக்குப் போகும் பேருந்தில் வந்தது.

அவர் வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்தக் கூடம் தெரியும். மூன்று சுவர்களிலும் பழைய வீடியோ கேம் பெட்டிகள், தரையிலிருந்து விட்டம் வரை. துக்கத்துக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி என் காதருகே குனிந்து, "ஏனுங்க, இவங்க கடை கிடை வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டாள். சாந்தாமணி கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லியிருப்பார்.

பாலக்காட்டுச் சித்தூரில் ஒரே காப்பீட்டு அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜைகளில் எங்கள் இருவருக்கும் உத்தியோகம். நான் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரி, அவர் தென்னந்தோப்பும் கடலைக்காடும் உள்ள குடும்பம். ஒரு நாள் மதியம் என் டிபன் டப்பாவை நகர்த்திவிட்டு இரண்டு அட்டைப்பெட்டிகளை வைத்தார். ஒன்றில் உருண்டை முகத்துப் பையன் ஒருவன் நீல வானத்தில் துள்ளிக்கொண்டிருந்தான். மற்றதில் கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்ட ஒரு தடியன், பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னால் மின்னல் வெட்ட நின்றான். "ரெண்டும் ஒரே ஆட்டந்தானுங்க, ஒரே ஆளுதானுங்க. இது சப்பான்ல வித்தது, இது அமெரிக்காவுல வித்தது" என்றார். "இவன் அவனோட தாய்மாமனாக்கும்னு தோண்றது" என்றேன். அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்த நாள் ஆட்டங்களில் திரையில் தெரிவது நாலு கட்டம், ஐந்து புள்ளி. அதில் மூக்கு எது, தொப்பி எது என்று யாருக்கும் தெரியாது. பெட்டிக்குப் படம் போடுகிறவன் மீதியைத் தன் ஊரிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஜப்பான்காரன் பிள்ளைகள் படிக்கும் சித்திரக்கதையிலிருந்து எடுத்தான். அமெரிக்காக்காரன் சினிமா போஸ்டரிலிருந்தும் சண்டை நாவல்களின் அட்டையிலிருந்தும் எடுத்தான். ஐரோப்பியப் பெட்டிகளிலோ ஆளைவிட இருட்டுதான் அதிகம். கோட்டையும் புகையும் இறக்கை விரித்த பூதமும். "பொட்டிக்குப் படம் போடறவனுக்கு ஆட்டம் தெரியாதுங்க. அவனுக்குத் தன்னூருச் சனத்தத் தெரியும்" என்பார். இதை நான் அவர் வாயால் கேட்டதற்குக் கணக்கே இல்லை.

வெளிநாட்டுப் பெட்டி சேர்க்கிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். சாந்தாமணி அதோடு நிற்கவில்லை. நம் பக்கம் வந்ததெல்லாம் நகல் கேசட்டுகள். பெட்டியும் கிடையாது, படமும் கிடையாது. கடைக்காரர்கள் உள்ளூர் போர்டு ஓவியர்களிடம் கொடுத்து அட்டையில் வரைந்து வாங்கி வைத்தார்கள். அந்தப் பெட்டிகளை அவர் கரையான் புற்றிலிருந்தெல்லாம் மீட்டெடுத்தார். பக்கத்துப் பெருமாட்டியில் கிடைத்த பெட்டியில் கார்ப் பந்தயம் தென்னந்தோப்புக்குள் நடக்கிறது. ஓரத்தில் ஒரு ஆள் இளநீரோடு நின்று வேடிக்கை பார்க்கிறான். ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு அடுத்து நான்காவதாக நம் ஊரும் ஒரே சுவரில் தொங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்பது சின்ன வார்த்தை. அவர் அதற்காகத்தான் வாழ்ந்தார்.

அந்தச் சுவர் கடைசியில் கொச்சியில் கிடைத்தது. ஒரு கலைக்கூடம் பெட்டிக் கண்காட்சிக்கு அவரை அழைத்தது. நம் ஊர்ப் பெட்டிகளில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது இடுக்கி மலைமேல் இருக்கும் ஆனைக்கரையிலிருந்து வந்த ஒன்று. வாள் வீரன் ஒருவன், உயரமான கூம்புத் தொப்பி, முறுக்கு மீசை, நிமிர்ந்த மார்பு, எல்லாம் அச்சாக இருக்கிறது. கண் மட்டும் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று இரண்டு குழி. பாதியில் விட்ட ஓவியம் என்றுதான் சாந்தாமணியும் நினைத்திருந்தார். ஆனாலும் வரைந்தவரைக் கேட்காமல் அப்படி எழுதி ஒட்ட அவருக்கு மனம் வரவில்லை. "வாங்க ராஜி மேடம், ஒரெட்டு போயிட்டு வந்தர்லாம்" என்றார். அந்த ஓரெட்டுக்குப் பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு குமுளிக்கு மேலே ஏற வேண்டும். ஏறினோம்.

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. ஓவியர் சுடலைமுத்து எழுபதைத் தாண்டியவர். அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பாதியில விட்டதில்லம்மா. கடைக்காரரு அந்த வெளையாட்டப் போட்டுக் காமிச்சாரு. பாத்தா, தலையில கூம்புக் குல்லா, கையில வெட்டருவா. நம்ம சொடலைமாடசாமில்லா நிக்காருன்னு மளமளன்னு வரஞ்சிட்டேன். பொறவுதான் பயம் வந்துட்டு. கண்ணத் தொறந்துட்டா அவரு வந்து இருந்துருவாரு. புள்ளைக தரையில போட்டு வெளையாடுத சாமான்ல அவர எப்பிடிம்மா இருக்கச் சொல்ல? அதான் கண்ண மட்டும் எழுதல."

சாந்தாமணிக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? உலகத்துப் பெட்டிகளையெல்லாம் அலசியவர், அப்படி ஒரு காரணத்தை எந்த நாட்டிலும் கேட்டதில்லை. கண்காட்சியின் நடுச்சுவரில் இதுதான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் பெரியவர் கேட்டார்.

"எனக்கும் கை நடுங்க ஆரம்பிச்சிட்டும்மா. இனி இத ஆரும் தரையில போடப் போறதில்ல. இப்பத் தொறந்து விட்டுரட்டுமா?"

சாந்தாமணி பெட்டியை ஒருமுறை பார்த்தார். "தெறந்துட்டா இவரு கொச்சிக்கு வரக்கூடாதுங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஊரு ஊராக் கொண்டுட்டுப் போயி மாட்டுததுக்கு அவரு என்ன காலண்டராம்மா? வெளக்குப் போடணும். வருசம் ஒருக்கா சித்திரக் கொடை விழாவுக்கு இங்க கூட்டியாரணும். அது போதும்."

நான் சாந்தாமணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாம்னு சொல்லுங்கோ. இத்தனை வருஷம் இதுக்காகத்தானே அலைஞ்சேள்?" என்று காதில் சொன்னேன். அவர் சாமி கும்பிடுகிறவர்கூட இல்லை. குலதெய்வம் கோயிலுக்கே தம்பி திட்டினால்தான் போவார்.

"இது அவரு வரைஞ்ச படமுங்க. முடிக்கறதா உடறதான்னு அவருதான் சொல்லோணும். நான் வெச்சிருக்கறவ, அவ்வளவுதானுங்க" என்றார். பிறகு பெரியவரிடம், "தெறங்க. வருசா வருசம் நான் கூட்டிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டார்.

சுடலைமுத்து குளித்துவிட்டு வந்து சூடம் கொளுத்தினார். முதல் பார்வை ஆள்மேல் படக்கூடாது என்று எங்களை ஓரமாக நிற்க வைத்து, முகம் மழிக்கும் கண்ணாடியைப் படத்துக்கு எதிரே நிறுத்தினார். தூரிகையைத் தொட்டதும் அவர் கை நடுங்கவில்லை. அந்தக் கண்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை என்றாலும் அவை என்னைப் பார்த்திருக்கின்றன என்று தோன்றியது. இப்படியெல்லாம் சொல்கிற ஆள் நான் இல்லை என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

கொச்சிக்காரர்கள் தொலைபேசியில் குதித்தார்கள். அசலைக் கெடுத்துவிட்டீர்களே என்றார்கள். "கெடுக்கலீங்க. முடிஞ்சிருக்குதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். கண்காட்சி நாளன்று நடுச்சுவரில் ஜப்பான் பெட்டிக்கும் அமெரிக்கப் பெட்டிக்கும் இடையே ஒரு பெட்டி அளவுக்கு வெறும் சுவர் இருந்தது. கீழே அவரே எழுதிய வாசகம்: "ஆனைக்கரைப் பெட்டி. கண் திறந்துவிட்டதால் வரவில்லை." வந்தவர்கள் அந்த வெறும் சுவரின் முன்னால்தான் வெகுநேரம் நின்றார்கள். நான் அங்கே வைத்துத்தான் அவரை முழுசாகப் புரிந்துகொண்டேன். ஒரு பொருளைச் சேர்க்கிறவர் அந்தப் பொருளுக்காகத் தன் ஆசையையே விட்டுக்கொடுப்பதை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அதன்பின் ஒவ்வொரு சித்திரையிலும் பெட்டியைப் பட்டுத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறுவார். "நம்பிக்கை வந்துடுத்தாக்கும்?" என்று சீண்டுவேன். "எனக்கு வருதோ இல்லையோ, சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்பார். கடைசிச் சண்டையும் அதைப் பற்றித்தான். இந்த வருஷம் நீங்களும் வாருங்கள் என்றார். முட்டி வலி என்றேன். முட்டி எனக்கும்தான் இருக்கிறது என்றார்.

காரியம் முடிந்தபின் தம்பி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெங்களூரில் ஒருவர் எல்லாப் பெட்டிகளையும் பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி வந்திருந்தார். நல்ல மனிதர்தான். உள்ளறை மாடத்தில் தனியே இருந்த ஆனைக்கரைப் பெட்டியைக் காட்டி, "இதையுஞ் சேத்துக் கட்டீரலாமுங்களா?" என்று தம்பி கேட்டார். விளக்கு காய்ந்து கிடந்தது. அது மட்டும் வேண்டாம் என்று சொல்லி, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

என் வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு மிரண்டார். "சுடலைமாடனா? வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேர்க்காத ஆத்துக்கா?" என்றார். "கிடா வெட்டற கொடையை ஆனைக்கரையில பாத்துப்பா. இங்கே விளக்கு போரும்" என்றேன். சாந்தாமணி சேர்த்தவையெல்லாம் பெங்களூருக்குப் போயின. அவர் கொடுத்த வாக்கு கல்பாத்திக்கு வந்து சேர்ந்தது.

நேற்று சுடலைமுத்து தொலைபேசியில் அழைத்தார். இப்போதுதான் கேள்விப்பட்டாராம். வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன். பிறகு கேட்கலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு கேட்டார்.

"அவரு இப்ப எங்கம்மா இருக்காரு?"

"எங்காத்துலதான் இருக்கார். சித்திரையில நானே அழைச்சுண்டு வரேன்" என்றேன்.