தாலாட்டு மெட்டில் ஒரு பாடம்

அந்த வகுப்பறையை நினைத்தால் முதலில் குரல்கள்தான் வருகின்றன. முகங்கள் பிறகுதான். கிளியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டை ஒட்டி இருந்த சின்னப் பள்ளி அது. ஜன்னலுக்கு ஒரு கதவுதான் மிச்சம். இன்னொன்று நான் வருவதற்கு முன்பே எந்தக் காற்றிலோ போயிருந்தது. அந்தப் பக்கமாக மூடுபனி கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். கடைசி வரிசை தெரியாது. தெரியாத அந்த வரிசையிலிருந்து ஏழாம் வாய்ப்பாடு மட்டும் வந்துகொண்டிருக்கும். எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. ஐந்தாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர்.

சேலத்து வெயிலில் வளர்ந்தவள் நான். ஒண்டிக்கடை என்ற முச்சந்தியில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் பள்ளிக்கு நடந்து போகும்போது பாதித் தூக்கம் கூடவே வரும். எதிரே வருகிறவர்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் மனிதர்களாவார்கள். அந்த நடையில் என்னவெல்லாம் யோசித்தேன் என்பது இப்போது நினைவில்லை. யோசித்தது பெரும்பாலும் ஒரே விஷயம்தான் என்பது மட்டும் தெரியும்: இந்தப் பிள்ளைகள் ஏன் எல்லாவற்றையும் மறந்து தொலைக்கிறார்கள்?

திங்கள்கிழமை சொன்னது புதன்கிழமை இருக்காது. காபிப் பழம் பறிக்கும் காலம் வந்தால் பாதிப் பேர் அம்மாக்களோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது கிரகம், பின்னம், பாரதத்தின் தலைநகர் எல்லாம் போயிருக்கும். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். சாக்பீஸை விட்டெறிந்திருக்கிறேன். அது யார்மீதும் படாதது என் குறியின் லட்சணமே தவிர, நல்ல குணம் அல்ல.

ஒருநாள் இடைவேளையில் பெண்பிள்ளைகள் வட்டமாக நின்று கும்மி கொட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது அடி, முப்பது அடி, ஒரு சொல் பிசகவில்லை. என் பாடத்தில் மட்டும் வாயைத் திறக்காத இரண்டு பேர் அதில் முன்னால் நின்று பாடினார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அன்று சாயங்காலமே கிரகங்களைக் கும்மி மெட்டில் போட்டேன். வாய்ப்பாடு கோயில் மேளத்தின் அடிக்குப் போயிற்று. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று சுகாதாரப் பாடம் ஒன்று இருந்தது. இடுப்பில் தம்பி தங்கையோடு வளைய வருகிற பிள்ளைகளுக்கு எது பழக்கமோ அதிலேயே இருக்கட்டும் என்று அதைத் தாலாட்டாக்கினேன்.

லிட்டர் தண்ணி காய்ச்சி ஆற, ஆராரோ
தேக்கரண்டி அரையே உப்பு, ஆரிரரோ
ஆறு கரண்டி சக்கரையாம், ஆராரோ
கண்ணீர் கரிப்பைத் தாண்டாதே, ஆரிரரோ.

பாட வைத்ததோடு விடவில்லை. மறுநாள் கேட்பேன், மூன்றாம் நாள் கேட்பேன், ஒரு வாரம் விட்டுக் கேட்பேன், எல்லாரும் மறந்திருப்பார்கள் என்று தோன்றுகிற ஒரு நாள் பார்த்து மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போது கேட்பேன். ஒன்றும் போகவில்லை. பழம் பறிக்கப் போய் வந்தவர்கள்கூட மூடுபனிக்குள்ளிருந்து கணீரென்று சொன்னார்கள். வேறு பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். ஒல்லியாக, எப்போதும் சற்றுத் தூக்கக் கலக்கமாக இருப்பாள். அரையாண்டுத் தேர்வில் ‘வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு என்ன தர வேண்டும்?’ என்ற கேள்விக்கு ஒரு புள்ளிகூடத் தவறாமல் எழுதியிருந்தாள். பத்துக்குப் பத்து போட்டு, ‘மிக நன்று’ என்றும் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. அவள் மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் மதியம் கிளம்பினேன். அக்கறை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், என் நல்ல மாணவியை வீட்டில் உட்கார வைத்ததற்காக அவள் அம்மாவிடம் இரண்டு வார்த்தை கேட்கத்தான் போனேன். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த எஸ்டேட் லைன் வீடுகளின் சரிவில் பனி இறங்கியிருந்தது. எது வீடு, எது மரம் என்று தெரியவில்லை. அப்போது பாட்டுக் கேட்டது. என் பாட்டு. வெள்ளையாக ஒன்றுமே தெரியாத அந்தச் சரிவில் எங்கிருந்தோ என் நான்கு வரிகள் மிதந்து வந்தன. கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டேன். அன்று எனக்கு வந்த பெருமையை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பாட்டைப் பிடித்துக்கொண்டே போனால் அந்தப் பெண்ணின் வீடு. உள்ளே சேலைத் தூளி. அவள் அதை ஆட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். தூளிக்குள் எட்டு மாதத் தங்கை. கண் குழிந்து, உதடு வெடித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அடுப்படியிலிருந்து அம்மா எழுந்து வந்தார்.

“மூணு நாளா வயித்தால போவுதுங்க டீச்சர். தண்ணி குடுத்தா இன்னும் நொம்பப் போவுதுங்க. அதான் நேத்துலருந்து ஒண்ணுமே குடுக்கலைங்க.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். “என்ன பாட்டு கண்ணு பாடினே?”

“நம்ம பாட்டுத்தானுங்க டீச்சர். இதுன்னா பாப்பாவுக்கு நொம்பப் புடிக்குமுங்க. ஒடனே தூங்கிக்கும்.”

“அதுல என்ன சொல்லியிருக்குது?”

எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, நான்கு வரியையும் பொருளோடு ஒப்பித்தாள்.

“அதைப் பாப்பாவுக்குக் குடுத்தியா?”

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. என்னையும் தூளியையும் மாறி மாறிப் பார்த்தாள். “அது பாடமுங்களே, டீச்சர்” என்றாள்.

நான் கத்தினேன். அவளிடமா, அவள் அம்மாவிடமா, என்னிடமேயா என்று தெரியாது. அடுப்பைப் பற்ற வை, தண்ணீர் காய்ச்சு, ஓடு என்று கத்தினேன். பயந்துபோய் அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டாள். தண்ணீர் கொதித்தது. பரந்த தட்டில் ஊற்றி வாசல் குளிரில் ஆற வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் என் வண்டவாளம் தெரிந்தது. அந்த வீட்டில் ஒரு லிட்டர் என்பது எது? இருந்தது ஒரு பித்தளைச் சொம்பும் இரண்டு அலுமினிய டம்ளரும். தேக்கரண்டி கிடையாது. சர்க்கரை கிடையாது. “வெல்லம் இருக்குதுங்க, ஆவாதுங்களா?” என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேரைப் பாட வைத்த நான் ஒரு தடவைகூட அதைக் கலக்கிப் பார்த்ததில்லை. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பதற்குப் பொருள் எழுத வைத்தவளும் நான்தான்.

சொம்பில் தண்ணீரை ஊற்றி வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். அளவு பார்க்காமல் உப்பை அள்ளிப் போட்டேன். குழந்தைக்குப் புகட்டும் பாலாடையை எடுத்துக்கொண்டு தூளிப் பக்கம் திரும்பினேன்.

“டீச்சர், இருங்க” என்றாள் அந்தப் பெண். கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு சொம்பிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள். மறுபடி கன்னம், மறுபடி சொம்பு. “நொம்பக் கரிக்குதுங்க டீச்சர். கண்ணீரைத் தாண்டிப் போச்சு. இன்னும் தண்ணி ஊத்தோணும்.”

பாதியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். வெல்லம் உடைத்துப் போட்டாள். மூன்று முறை ருசி பார்த்தாள். மூன்றாம் முறை தலையை ஆட்டினாள். வகுப்பில் அவள் அப்படி முழித்த கண்ணோடு இருந்து நான் பார்த்ததே இல்லை.

பாலாடையின் நுனியை உதட்டில் வைத்தோம். முதலில் வழிந்துவிட்டது. அப்புறம் ஒரு விழுங்கு. வெளியே பனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு சொட்டு, ஒரு விழுங்கு என்று எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. அந்த மதியம் இன்னும் எங்கோ நடந்துகொண்டிருப்பதாகச் சில நாள் எனக்குத் தோன்றும். கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் ஜீப்புக்கு ஏற்பாடு செய்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் வழியெல்லாம் அந்தப் பெண்தான் ஊட்டிக்கொண்டே வந்தாள். “இதைக் குடுக்காம வந்திருந்தா வந்தே பிரயோசனமில்லைம்மா” என்றார் டாக்டர். மறுநாள் காலை குழந்தை கண்ணீர் விட்டு அழுதது. அந்த ஈரத்தைப் பார்த்து அம்மாவும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகும் பாட்டை நான் விடவில்லை. ஆனால் செய்து பார்க்காமல் எந்தப் பாடத்தையும் முடிக்கவில்லை. “இது உங்க ஊட்டுல எங்க இருக்குது?” என்பது என் கடைசிக் கேள்வியாயிற்று. ஆளுக்கொரு டம்ளர் வீட்டிலிருந்து வந்தது. எத்தனை டம்ளர் ஒரு லிட்டர் என்று அளந்து, ஆணியால் அதன் அடியில் கீறிக்கொண்டு போனார்கள். உப்பும் வெல்லமும் எல்லாரும் கலக்கினார்கள், எல்லாரும் ருசி பார்த்தார்கள், இரண்டு பேர் கண்ணீருக்காக ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டதும் நடந்தது. பரப்பளவு படிக்கக் காபி காய வைக்கும் களத்துக்குப் போனோம். பாடங்கள் பாதிகூட முடியவில்லை. தலைமை ஆசிரியருக்கு என்மேல் வருத்தம். என் வகுப்பைக் கேட்க வந்த ஆசிரியர்கள் பிறகு வரவில்லை. ஒப்பிப்பதில் என் வகுப்பு இப்போது எல்லாரையும் போலத்தான் திக்கியது.

ஆண்டிறுதிக் கணக்குத் தேர்வு அன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தலையில் சாக்குக் கொங்காடையோடு ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார். அடுத்த லைன்காரர்.

“ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ளயக் கொஞ்சம் அனுப்பறீங்களா? எங்க பாப்பாவுக்குக் காலைலருந்து மூணு வாட்டி போயிருச்சுங்க.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். “இருங்க, நானே வர்றேன்.”

அவர் கொங்காடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். “நீங்க வேண்டாமுங்க டீச்சர். நீங்க உப்ப அள்ளிப் போட்டுருவீங்கன்னு அவங்கம்மா சொன்னாங்க. அந்தப் புள்ளயே வரட்டுமுங்க.”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். ஆறு கணக்கு பாக்கி.

“போய்ட்டு வா சாமி” என்றேன்.