தம்பி பேச, அக்கா சொல்ல

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கனாக்காரி என்று பெயர். வைத்தவள் ரேடியோ. ரேடியோவும் ஒரு பெண்தான். வாய் ஓயாது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். இருவருக்கும் ஒரே மேசை. விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்த பிறகு மடித்து அடுக்குவது வேலை. பெரிய விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். நீராவி மிதக்கும் அந்தக் கூடத்தில் வெள்ளைத் துணி காற்றை வாங்கிப் பொங்கி மெல்ல இறங்கும்போது கனாக்காரியின் கண் திறந்துதான் இருக்கும். ஆள்தான் அங்கே இருக்க மாட்டாள்.

"ஏய், எங்கடி போயிட்டே? முனையைக் குடு!" என்று ரேடியோ கத்துவாள்.

எங்கே போவாள், வீட்டுக்குத்தான். கனவில்கூட வேறு போக்கிடம் இல்லாத பிறவி. அந்தக் கனவில் தம்பி தெருவிலிருந்து நடந்து வருவான். ஓடியெல்லாம் வர மாட்டான், அவனுக்கென்ன அவசரம்? சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டு, யாரோடோ பேசி நின்றுவிட்டு, ஆடி அசைந்து வருவான். செருப்பை நடுவாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, "அக்கா, பசிக்குது" என்பான். "செருப்பை ஓரமா விடுடான்னு எத்தனை தடவை சொல்றது!" என்று இவள் எரிந்து விழுவாள். கனவிலும் திட்டுகிறாளே என்று நினைக்காதீர்கள். அந்தத் திட்டில்தான் அவளுக்குச் சுகமே.

நிஜத் தம்பிக்குச் செருப்பு தேவைப்பட்டதில்லை. பிறந்ததிலிருந்தே கையும் காலும் அவன் பேச்சைக் கேட்டதில்லை. மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது, ஆனாலும் வீட்டில் இன்னும் சின்னவன்தான். மூளை கத்தி மாதிரி. ஆனால் நாக்கு குழறும். சொற்கள் இழுத்து, வழுக்கி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளியே வரும். முன்பெல்லாம் அது அம்மாவுக்குப் புரியும், அக்காவுக்குப் புரியும். அம்மா போன பிறகு அக்கா ஒருத்திதான். யார் வந்தாலும் அவன் பேசுவான், அவள் எடுத்துச் சொல்வாள். அப்படித்தான் அவன் பேச்சு வெளியே போய்க்கொண்டிருந்தது.

அவள் அரைநாள் வேலைக்காரி. காலையில் அவனைக் கழுவி, ஊட்டி, சாய்த்துப் படுக்க வைத்து, பக்கத்து வீட்டம்மாவிடம் எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடுவாள். மதியம் மறுபடி ஓட்டம். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு மிச்சம் என்று நடைதான். அரைநாள் சம்பளம் வாடகையைப் பார்த்ததும் காலியாகிவிடும். மாத்திரை, அடியில் விரிக்கும் உறிஞ்சுதுணி, மின்சாரம் எல்லாம் அரசு அலுவலகம் தந்த உதவித்தொகையில்தான் ஓடின. முதுகு புண்ணாகாமல் இருக்க அவனுக்கு, மின்சாரத்தில் காற்று ஏறி இறங்கும் ஒரு மெத்தை உண்டு. அம்மாவின் வளையல்கள்தான் அந்த மெத்தையாக மாறிப் போயின. பகலும் இரவும் அது மூச்சு விட்டுக்கொண்டே கிடக்கும். மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து சுவரில் மெல்ல ஏறும். அதைப் பார்த்தபடி சின்னவன் கிடப்பான். மெத்தையின் மூச்சுக்குள் தன் மூச்சையும் கலந்துவிட்டு அக்கா கீழே பாயில் கண்ணயர்வாள். கையில் காசில்லாவிட்டாலும் அந்த ஒரு நாழிகை அவர்களுடையது.

அதற்குத்தான் கேடு வந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வீட்டுக்கு வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சேதி. உதவி இன்னும் தேவையா, எவ்வளவு தேவை என்று பார்த்து எழுதுவார்களாம்.

இந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வந்தவர்கள் முன்னால் சின்னவனின் குறையை யாரும் வாய் திறந்து சொல்லக் கூடாது. "அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்பாள் அம்மா, இருந்தவரைக்கும். ஆகவே யார் விசாரித்தாலும் அவன் செய்வதை மட்டும்தான் சொல்வார்கள். செய்யாததைத் தொடவே மாட்டார்கள். அக்காவுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. அதிகாரி வருகிறார் என்றதும் வேலைக்கு லீவு போட்டாள். தம்பிக்கு முகம் மழித்து, தலை வாரி, தேய்த்த சட்டை போட்டு, இரண்டு பக்கமும் தலையணை செருகி, அது தெரியாமல் போர்வை போர்த்தி, சக்கர நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார வைத்தாள். அவனைக் கழுவ வைத்திருக்கும் பேசின், உறிஞ்சுதுணி எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டார் அதிகாரி அம்மா.

"நல்லா சாப்பிடுவான் மேடம்."

"எந்திரிச்சு நிப்பாரா?"

"பிடிச்சுக்கிட்டா நிப்பான் மேடம்."

பிடித்துக்கொள்வது யார், முழுப் பாரமும் யார் இடுப்பில் என்பதை அவள் சொல்லவில்லை. அப்போது தம்பி ஏதோ சொன்னான். "என்ன சொல்றார்?" என்று கேட்டார் அதிகாரி.

"நீங்க வந்ததுல ரொம்ப சந்தோஷம்னு சொல்றான் மேடம்."

அவன் சொன்னது, "ஏன்க்கா புளுகறே?" என்று.

அதிகாரியைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்டதை எழுதிக்கொண்டு போனார். அடுத்தவர் உதவி அதிகம் தேவைப்படாதவர் என்று சொல்லி உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். சேதி கேட்டு ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொண்ணு பாக்கவாடி வந்தாங்க, ஜோடிச்சு உக்கார வச்சே? அறிவிருக்கா உனக்கு?"

அந்த மாதம் மெத்தையைப் பாதி நேரம் அணைத்து வைத்தாள். உறிஞ்சுதுணியை இரண்டாக வெட்டினாள். தனக்கு ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, "வயிறு மந்தமா இருக்குடா" என்றாள். முதலாளியிடம் போனால், முழுநாள் வா, முழுச் சம்பளம் வாங்கிக்கொள் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் முழுநாளும் அவள் இங்கே நின்றால் சின்னவனை யார் பார்ப்பது? இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வெளியே ஓர் இல்லம் இருந்தது. அங்கே ஒரு கட்டில் காலி, மாதம் முடிவதற்குள் சொல்லுங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தாள். சுத்தமான இடம், நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள். ஓர் ஆள் வாயசைத்து என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தார். பணிப்பெண் சிரித்த முகமாக, "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பணிப்பெண்ணுக்கு அவர் சொன்னது புரியவில்லை. அக்கா விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

அதன் பிறகு மேசையில் விரிப்பு பொங்கி இறங்கும்போதெல்லாம் கனவில் வாசல் திறந்தே கிடந்தது. தெரு முனைவரை வெயில். ஒருவரும் வரவில்லை.

"மறுபடி வந்து பாக்கச் சொல்லிக் கேளு. கேட்டா வருவாங்க. ஆனா இந்தத் தடவை உள்ளதைச் சொல்லணும். அவன் என்னென்ன செய்ய மாட்டான்னு ஒண்ணு விடாம சொல்லணும்" என்றாள் ரேடியோ.

"அவன் முன்னாடியாடி?"

"பின்ன, என் முன்னாடியா?"

அதே அதிகாரி அம்மாதான் மறுபடி வந்தார். இந்த முறை ஜோடனை இல்லை. சின்னவன் கட்டிலில் கிடந்தான், பேசின் பக்கத்திலேயே இருந்தது. சுவரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"மேடம், கொஞ்சம் வெளிய வாங்களேன், சொல்றேன்."

"அவர் முன்னாடிதாம்மா கேக்கணும். அதுதான் முறை. சொல்லுங்க, சாப்பாடெல்லாம் எப்படி?"

அக்கா வாயைத் திறந்தாள். சொல்லத்தான் நினைத்தாள், சத்தியமாக. ஆனால் தம்பியின் முகம் எதிரே இருந்தது. "சாப்பாடு... நல்லா..." என்று நாக்கு பழைய பாதைக்கே போயிற்று.

அப்போது அவன் பேசினான். அவளுக்கு மட்டும் புரிந்தது: "அக்கா, நான் சொல்றேன். நீ அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாதே."

அவன் சொல்லச் சொல்ல, அவள் தலையைக் குனிந்துகொண்டு எடுத்துச் சொன்னாள்.

"'எனக்கு ஊட்டி விடணும்'னு சொல்றான் மேடம். 'மசிச்சு ஊட்டணும். புரையேறினா முதுகைத் தட்டணும்.'"

"ம்."

"'கழுவி விடறது அக்கா. நான் வெக்கப்படுவேன்னு அப்ப பாட்டுப் பாடுவா. அவளுக்குப் பாட வராது.'" இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. அதிகாரி அம்மாவும் சிரித்துவிட்டார்.

"'ராத்திரி என்னைப் புரட்டிப் போடணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். அலாரம் வச்சு எந்திரிப்பா. நான் தூங்கறேன்னு நினைச்சுக்குவா. நான் தூங்க...'"

நிறுத்திவிட்டாள். தம்பியைப் பார்த்தாள். அவன் அடுத்ததையும் சொல்லி முடித்திருந்தான்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் அதிகாரி.

அவள் நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். அவன் சொன்னது அந்த அறையில் வேறு யாருக்குப் புரியப் போகிறது? ஆனால் சின்னவன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"'நான் தூங்க மாட்டேன். என்னைப் புரட்டிப் போட்டுட்டு, அக்கா கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து அழுவா. தினமும் அழுவா'னு சொல்றான் மேடம்."

தன் அழுகையைத் தன் வாயாலேயே சொன்னாள். அதிகாரி அம்மா அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பையை மூடிக்கொண்டு எழுந்தார். "பணம் மறுபடி வந்திடும்மா, இனிமே நிறுத்த மாட்டாங்க. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். கிளம்பும்போது கட்டிலருகே போய், "வரேன் சார்" என்று சின்னவனிடமே சொல்லிக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அக்கா கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். உதவித்தொகை திரும்பி வரும், இல்லத்துக்குப் போக வேண்டாம், எல்லாம் சரி. ஆனால் அவளுக்கு அது எதுவும் மனதில் நிற்கவில்லை.

"ஏண்டா, இத்தனை வருஷமா முழிச்சுக்கிட்டேவா கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தே?"

"ஆமா."

"ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"பேசினா நீ அழுகையை நிறுத்திடுவே."

"நிறுத்தினா நல்லதுதானேடா?"

"அப்புறம் நீ எங்க போய் அழுவே?"

இதை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டப்பகலில், அவன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் வாய்விட்டு அழுதாள். மெத்தை தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சின்னவன் பொறுமையாகக் காத்திருந்தான்.

"மூக்கைத் துடைச்சுக்கோ, பாக்கச் சகிக்கல" என்றான் கடைசியில்.

அவள் அவன் சட்டை முனையிலேயே துடைத்துக்கொண்டாள்.