அண்ணனிடம் மிஞ்சிய ஒரே சொல்

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'மியூட் அக்கா'. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் வீடியோக்களைப் பார்த்து, யாருடைய கை எப்போது எழுந்தது, பார்வை எங்கே போனது, தலை எப்படி அசைந்தது என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. மனிதர் வாயால் சொல்வதும் உடம்பால் சொல்வதும் மூளைக்குள் எப்படி ஒன்று சேர்கின்றன என்று கண்டுபிடிப்பது பேராசிரியர்கள் பாடு. முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அடுத்த தடவை சத்தத்தோடு. மற்றவர்களுக்கு அது விதி. அவளுக்கோ அதில் முதல் பாதி மட்டும் வேதவாக்கு.

"வாய் ஆயிரம் சொல்லும். கைக்குப் பொய் சொல்ல வராது" என்பாள். வீட்டில் டிவி செய்தியைக்கூட சத்தமில்லாமல் பார்த்து, "இந்த ஆளு புளுகுறான்" என்று தீர்ப்பு சொல்வாள். அவள் கணவர் ஏதாவது மழுப்ப வேண்டியிருந்தால் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டுதான் வாயைத் திறப்பார். "கையை வெளியில எடுத்துட்டுப் பேசுங்க" என்று அதற்கும் ஓர் அதட்டல் விழும்.

இப்படிப்பட்டவளின் அண்ணனுக்குத்தான் பக்கவாதம் வந்தது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஓயாத வாய். வலது பக்கம் விழுந்ததோடு பேச்சும் போய், மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சரி." பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அதே சரி. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் வேறு சொல்லாக வராது என்று டாக்டர் விளக்கியிருந்தார்.

அண்ணன் வீடு அடுத்த தெருவில். வேலை முடிந்ததும் நேரே அங்கே போய், கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆபீஸ் கதையெல்லாம் ஒப்பிப்பாள். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அந்த ஒரு கட்டில்தான்.

ஒருநாள் அண்ணி மெதுவாக ஆரம்பித்தாள். "பொண்ணு கூப்பிடுறா, அவ ஊருக்கே வந்துடுங்கன்னு. உங்கண்ணனைக் கேட்டேன், சரின்னுட்டாரு. மாசக் கடைசியில சாமான் ஏத்த வண்டி வருது."

"தலையை வெட்டட்டுமான்னு கேட்டாலும் அவரு சரின்னுதான் சொல்வாரு அண்ணி. அதைப் போய் ஒரு பதில்னு எடுத்துக்கிட்டீங்களே!"

"அப்போ எப்படித்தான் கேக்குறது?"

அவளுக்கா தெரியாது? அண்ணன் முகமும் இடது கையும் தெரியும்படி போனை நிறுத்தி வைத்தாள். அண்ணியை எதிரே உட்காரவைத்து, கேட்கச் சொன்னாள். தான் நின்றால் அவர் பார்வை சிதறும் என்று தெருவுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சத்தத்தை அணைத்துப் பார்த்தாள். அண்ணன் வாய் அசைந்தது. கூடவே இடது கை எழுந்து, விரல்கள் விரிந்து, எதையோ வேண்டாம் என்று தள்ளுவதுபோல் முன்னும் பின்னும் ஆடியது. தலையும் இடமும் வலமுமாக ஆடியது. மறுப்பேதான். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. சத்தத்தோடு கேட்கவில்லை. கேட்டால் மட்டும் என்ன, அதே சரிதானே!

மறுநாள் அண்ணியிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். "அவருக்கு இஷ்டமில்ல. நீங்களாத்தான் இழுத்துட்டுப் போறீங்க." அண்ணி உடனே மகளுக்குப் போன் செய்து வண்டி வேண்டாம் என்றாள். பிறகு அவரைப் புரட்டித் துடைக்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டே வெந்நீர் எடுக்கப் போனாள்.

அதோடு விட்டிருக்கலாம். பெருமை யாரை விட்டது? கூடத்தில் ஒருவர் குறித்ததை இன்னொருவர் தனியாகப் பார்த்துச் சரிபார்ப்பது வழக்கம். அடுத்த நாள் எதிர் சீட்டுக்காரியிடம் போனை நீட்டினாள். அந்தப் பெண் சத்தத்தை அணைக்காமலே போட்டுவிட்டாள்.

"அழறது யாரு அக்கா?"

"யாரும் அழலையே."

"கேளுங்க."

கேட்டாள். "என்னால முடியலைங்க. பொண்ணுகிட்ட போயிடலாமா?" என்று அண்ணியின் குரல், அதைத் தொடர்ந்து அடக்க முடியாத விசும்பல். அதற்குப் பிறகுதான் அண்ணனின் கை எழுந்தது. "சரி... சரி... சரி." அந்தச் சொல்லை இத்தனை மெதுவாக அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"அழாதேங்கறாரு போல. எதிர்ல இருக்கறவங்களையும் சேர்த்து எடுத்திருக்கணும்க்கா" என்றாள் எதிர் சீட்டுக்காரி.

இரண்டு பேர் பேசுவதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், சொந்த வீட்டில் ஒருவரை மட்டும் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, அண்ணியின் இடுப்பு வலி இத்தனை மாதமாகக் கண்ணில் படாமல் போனதே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலம் அண்ணியையும் கட்டிலோரம் உட்காரவைத்துக்கொண்டாள். போனை எடுக்கவில்லை.

"அண்ணா, இங்கயே இருந்துடலாமா?"

"சரி" என்றார், அவள் பக்கம் திரும்பாமலே.

"பொண்ணு வீட்டுக்குப் போயிடலாமா?"

"சரி." அண்ணியை ஒரு தரம் பார்த்துவிட்டு, அலமாரி மேலிருந்த பயணப் பெட்டியை இடது கையால் காட்டினார்.

அவள் எழுந்து போய் அண்ணன் மகளுக்குப் போன் செய்தாள். "அத்தை பேசுறேம்மா. வண்டியை அனுப்பிடு."

அண்ணி திகைத்துப் போனாள். "நேத்துதானே அவருக்கு இஷ்டமில்லன்னு சொன்னே?"

"அவருக்கு இல்ல அண்ணி" என்றாள் அவள். "எனக்குத்தான் இஷ்டமில்ல."