வயிறு இரைந்த நாள்

ஊரில் நடந்த போரின் கடைசி மாதங்களில், அங்கே அகப்பட்ட அண்ணன் குடும்பத்தின் தகவல் ஒன்றும் இல்லாமல், எனக்குப் பசியே செத்துப்போயிருந்தது. தொழிற்சாலையில் ஒருநாள் மயங்கி விழுந்ததும், கணவர் என்னை நாங்கள் இருந்த டேனிஷ் நகரமான விபோர்க்கில் ஒரு சீன வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா காய்ந்த மாசிபத்திரி மூலிகை இலையைச் சுருட்டுப்போல உருட்டிப் பற்றவைத்து, என் முழங்காலுக்குக் கீழே தோலில் படாமல் பிடிப்பார். தோல் சிவக்கும், வியர்க்கும், நித்திரை வரும், வயிறு இரையும் என்று டேனிஷில் அடுக்குவார். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. உடுப்பெல்லாம் புகை மணக்க வீட்டுக்கு வந்து கணவர்மேல் எரிந்து விழுவேன்.

போர் முடிந்து சில வாரங்களில், வைத்தியரிடம் புறப்படும் நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அகதி முகாமிலிருந்து அண்ணன்.

"தங்கச்சி, நாங்கள் எல்லாரும் உயிரோடை இருக்கிறம்."

அழுதழுது சிரித்தபடியே போய்ப் படுத்தேன். சுருட்டு காலருகே வந்ததுதான் தாமதம், பழைய லொறி கிளம்பியதுபோல வயிறு இரைந்தது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. வைத்தியர் துள்ளிக் குதித்தார்.

"பாத்தியா, மருந்து வேலை செய்யுது!"

ஓமென்று பலமாகத் தலையாட்டினேன். அண்ணன் உயிரோடிருக்கிறார், குணமாக்கிய பெயரை யார் எடுத்தால் எனக்கென்ன? புட்டு அவிக்க வீட்டுக்கு ஓடினேன்.